சிக்னல் வயரை டேக் கார்டில் இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மல்டிமீட்டரில் 2.500 வோல்ட் என்று அசையாமல் நிற்கும் சிக்னல், கம்ப்யூட்டர் திரையில் 2.43க்கும் 2.57க்கும் இடையே ஆடுகிறது. சிக்னலை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குத் தரும் டேக் கார்டு கெட்டுவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவோம். பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். தன் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே என்ன வோல்டேஜ் இருக்கிறதோ அதை அப்படியே சொல்கிறது, அவ்வளவுதான். மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுகிறது, எர்த்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போதாததற்கு, வரும் சிக்னலைச் சராசரி எடுத்துக் காட்டுகிறது. அதனால் அதற்குத் தெரியாத இரைச்சல் கார்டுக்குத் தெரிகிறது.

வோல்டேஜ் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். பிளஸ் வயரைப் பார்த்துப் பார்த்து இணைத்துவிட்டு, மைனஸ் வயரை ஏதோ ஒரு கிரவுண்டில் முறுக்கிவிடுவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. கீழே உள்ள படிகளில் பல, அந்த மைனஸ் வயர் எங்கே போக வேண்டும் என்பதைப் பற்றியவை. எடுத்துக்காட்டுக்கு 16 சேனல், 16 பிட், ±10 வோல்ட் அளவுள்ள ஒரு பொதுவான டேட்டா அக்விசிஷன் கார்டை வைத்துக்கொள்வோம். டேக் கார்டு என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

படி 1: வயரைத் தொடும் முன் ஐந்து விவரம்

ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: குறைந்தபட்ச, அதிகபட்ச வோல்டேஜ், எவ்வளவு வேகமாக மாறும், சென்சாரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, ஓமில்), சென்சாருக்கும் கார்டுக்கும் உள்ள தூரம், சிக்னலின் மைனஸ் பக்கம் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா இல்லையா. முதல் நான்கும் சென்சாரின் விவரத்தாளிலும் டேப்பிலும் கிடைத்துவிடும். ஐந்தாவதை நீங்களே அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 2: சோர்ஸ் மிதக்கிறதா, எர்த்தில் நிற்கிறதா?

சிக்னலைத் தரும் எதுவும் சோர்ஸ்தான். பேட்டரி, எர்த்தைத் தொடாத தெர்மோகப்பிள் (இரண்டு உலோக வயர் சேர்ந்த வெப்பநிலை சென்சார்), டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்று, ஐசொலேட்டட் (மின்தொடர்பு பிரிக்கப்பட்ட) டிரான்ஸ்மிட்டர் ஆகியவை மிதக்கும் சோர்ஸ்கள். கட்டடத்தின் எர்த்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. மூன்று பின் பிளக்கில் ஓடும் சிக்னல் ஜெனரேட்டர், மைனஸை உடலோடு இணைத்த பவர் சப்ளை, இரும்புக் குழாயில் நுனி பற்றவைத்த தெர்மோகப்பிள் ஆகியவை எர்த்தில் நிற்பவை.

தோற்றத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒரே பவர் சப்ளை, முகப்பில் மைனஸையும் எர்த்தையும் சேர்க்கும் பட்டை இருந்தால் எர்த்தில் நிற்கும், அதைக் கழற்றினால் மிதக்கும். இப்படிச் சோதியுங்கள்:

முதலில் சிக்னல் வயரைக் கார்டில் இணைக்காமல், சோர்ஸை இயக்கி, அதன் மைனஸுக்கும் கார்டின் அனலாக் கிரவுண்டுக்கும் (அனலாக் சிக்னல்களுக்கான 0 வோல்ட் டெர்மினல்) நடுவே டிசி வோல்டேஜை அளங்கள், பிறகு ஏசி வோல்டேஜை அளங்கள். சில மில்லிவோல்ட் மட்டும் வந்தால் சோர்ஸ் எர்த்தில் நிற்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். பல பத்து வோல்ட் ஏசி வந்தாலும் பதற வேண்டாம். மல்டிமீட்டரின் 10 மெகாஓமில் விழும் வெறும் கசிவாகவும் அது இருக்கலாம். மீட்டரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மறுபடி அளங்கள். வோல்டேஜ் சட்டென்று மில்லிவோல்ட்டுக்குச் சரிந்தால் சோர்ஸ் மிதக்கிறது. அப்படியே நின்றால், அங்கே உண்மையாகவே ஒரு வோல்டேஜ் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கார்டில் இணைக்கவே கூடாது.

லேப்டாப்பில் மாட்டும் யூஎஸ்பி கார்டுகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டு பின் சார்ஜரில் ஓடும்போது, சார்ஜருக்குள் உள்ள கெப்பாசிட்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் லேப்டாப்பின் கிரவுண்டுக்கு வந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் காரணம் அதுவேதான்.

படி 3: இன்புட் முறையைத் தேர்ந்தெடுப்பது

கார்டின் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று முறைகளில் ஒன்றைக் கேட்கும்.

டிஃபரன்ஷியல் முறையில் ஒரு சிக்னலுக்கு இரண்டு இன்புட் செலவாகும். இரண்டுக்கும் பொதுவாக வரும் இரைச்சல் கழிந்து, வித்தியாசம் மட்டும் அளக்கப்படும். 16 சேனல் கார்டு 8 சேனலாகிவிடும் என்பதுதான் விலை. ஜோடி எது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பல கார்டுகளில் 0ஆம் சேனலுக்கு ஜோடி 8, 1க்கு ஜோடி 9. வேறு சிலவற்றில் அடுத்தடுத்த எண்களே ஜோடி. கையேட்டின் பின் படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

கிரவுண்டை ஆதாரமாகக் கொண்ட சிங்கிள் எண்டட் முறையில் பிளஸ் மட்டும் சேனலுக்குப் போகும், மைனஸ் கார்டின் அனலாக் கிரவுண்டுக்குப் போகும். மிதக்கும் சோர்ஸுக்கு, சிக்னல் 1 வோல்ட்டுக்கு மேல் இருந்து, வயர் சில மீட்டருக்குள் அடங்கினால் இது போதும்.

மூன்றாவது, சென்ஸ் பின்னை (எல்லாச் சேனலுக்கும் பொதுவான மைனஸாகக் கார்டு எடுத்துக்கொள்ளும் தனி டெர்மினல்) ஆதாரமாகக் கொண்ட சிங்கிள் எண்டட் முறை. எல்லா சிக்னல்களின் மைனஸும் ஒரே எர்த் புள்ளியில் நிற்கும்போது, அந்தப் புள்ளியிலிருந்து ஒரே ஒரு வயரைச் சென்ஸ் பின்னுக்குக் கொண்டுவந்தால் 16 சேனலும் மிஞ்சும்.

எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாதது ஒன்று: எர்த்தில் நிற்கும் சோர்ஸின் மைனஸைக் கார்டின் அனலாக் கிரவுண்டில் இணைப்பது. சோர்ஸின் எர்த்தும் கார்டின் எர்த்தும் பெயரில்தான் ஒன்று. ஒரே கட்டடத்துக்குள்ளேயே அவற்றுக்கு நடுவே சில மில்லிவோல்ட் முதல் 100 மில்லிவோல்ட் வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். எர்த் வயரிங் மோசமாக இருந்தால் இன்னும் கூடும். இரண்டையும் வயரால் சேர்த்ததும் அதில் மின்சாரம் சுற்றத் தொடங்கும். அந்த வயரில் விழும் வோல்டேஜ் உங்கள் சிக்னலோடு சேர்ந்துகொள்ளும். கிரவுண்டு லூப் என்பது இதுதான். தொடக்கத்தில் சொன்ன 2.43, 2.57 ஆட்டத்துக்கு முதல் சந்தேக நபரும் இதுவே.

எதைத் தேர்வது என்று குழப்பமாக இருந்தால் டிஃபரன்ஷியலையே எடுங்கள். சேனல் எண்ணிக்கை போதவில்லை என்பதைத் தவிர அதைத் தவிர்க்க நல்ல காரணம் எதுவும் இல்லை.

ஆனால் டிஃபரன்ஷியல் என்றால் எவ்வளவு உயரத்தில் உள்ள வோல்டேஜையும் அளக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ±10 வோல்ட் கார்டுகள் பலவற்றில் இரண்டு இன்புட் வயர்களுமே கார்டின் கிரவுண்டிலிருந்து சுமார் 11 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரித் தொகுப்பின் உச்சியில் உள்ள ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லின் வோல்டேஜ் 3.3தான், ஆனால் அதன் மைனஸ் முனையே கிரவுண்டிலிருந்து 45 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேராக இணைத்தால் அளவு தவறும், கார்டும் போகலாம். அங்கே ஒவ்வொரு சேனலும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசொலேட்டட் மாட்யூல்தான் வேண்டும். வாங்கும்போது கவனியுங்கள்: வெறுமனே ஐசொலேட்டட் என்று எழுதியிருந்தால், எல்லாச் சேனலும் சேர்ந்து கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் பிரிந்திருக்கிறது என்றும் பொருள் இருக்கலாம். சேனலுக்குச் சேனல் பிரிவு என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

படி 4: மிதக்கும் சோர்ஸுக்கு பயஸ் ரெசிஸ்டர்

மிதக்கும் சோர்ஸை டிஃபரன்ஷியலில் இணைத்தாகிவிட்டது. முதல் சில நொடி அளவு சரியாக வருகிறது. பிறகு மெல்ல நகர்ந்து நகர்ந்து 10 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. விரலை வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஆடுகிறது. ஏன்?

கார்டின் இன்புட் ஆம்ப்ளிஃபயர் மிகச் சிறிய அளவு மின்சாரத்தை உறிஞ்சும் அல்லது வெளியே விடும். அதற்கு கிரவுண்டுக்குத் திரும்ப ஒரு வழி வேண்டும். மிதக்கும் சோர்ஸில் அந்த வழி இல்லாததால் அது வயரின் கெப்பாசிட்டன்ஸில் தேங்கி, இரண்டு வயரையும் சேர்த்தே மேலே தள்ளிக்கொண்டு போய் வரம்பைத் தாண்டவைக்கிறது.

தீர்வு எளிது. சோர்ஸின் இம்பீடன்ஸ் 100 ஓமுக்குக் கீழ் இருந்தால் மைனஸ் இன்புட்டை ஒரு துண்டு வயரால் கார்டின் அனலாக் கிரவுண்டுக்குச் சேர்த்துவிடுங்கள். அதற்கு மேல் இருந்தால், அல்லது நீளமான வயர் இரைச்சலைப் பிடித்தால், இரண்டு இன்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு ரெசிஸ்டர் போடுங்கள். 10 கிலோஓம் முதல் 100 கிலோஓம் வரை பொதுவான அளவு. சோர்ஸ் இம்பீடன்ஸைப்போல 100 மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ரெசிஸ்டரே சிக்னலைத் தின்றுவிடும். இரண்டும் ஒரே மதிப்பாக, 1 சதவீதத் துல்லியத்தில் இருப்பது நல்லது.

எர்த்தில் நிற்கும் சோர்ஸுக்கு இந்த ரெசிஸ்டர் தேவையில்லை. அங்கே மைனஸைக் கிரவுண்டுக்கு நேராக வயரால் சேர்ப்பது, படி 3இல் தவிர்த்த அதே லூப்பைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவருவதாகும்.

படி 5: வயர், ஷீல்டு, ஸ்க்ரூ

ஒவ்வொரு சிக்னலுக்கும் அதன் பிளஸும் மைனஸும் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி வயர். முறுக்கினால் இரண்டு வயரும் அக்கம்பக்கத்துக் காந்தப்புலத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வாங்கும். டிஃபரன்ஷியல் இன்புட் அதைக் கழித்துவிடும். ஒரு சிக்னலின் பிளஸை இன்னொன்றின் மைனஸோடு முறுக்கினால் இந்தப் பலன் முழுவதும் போய்விடும்.

ஷீல்டு என்பது ஜோடி வயரைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல், மூன்றாவது சிக்னல் வயர் இல்லை. இரண்டு முனையிலும் இணைத்தால் அதுவே ஒரு கிரவுண்டு லூப். குறைந்த அதிர்வெண் அளவீடுகளில் ஒரு முனையில் மட்டும் இணைக்க வேண்டும்: சோர்ஸ் மிதந்தால் கார்டு பக்கம், சோர்ஸ் எர்த்தில் நின்றால் சோர்ஸ் பக்கம். இணைக்காத முனையில் பின்னலை வெட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். தொங்கும் ஓர் இழை பக்கத்து ஸ்க்ரூவைத் தொட்டால் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

மோட்டார் டிரைவ், கான்டாக்டர், பவர் கேபிள் ஆகியவற்றை விட்டு விலகிச் செல்லுங்கள். குறுக்கே போக நேர்ந்தால் 90 டிகிரியில் கடக்க வேண்டும், இணையாக ஓடவிடக் கூடாது.

ஸ்க்ரூ டெர்மினலில் 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை தோல் உரித்தால் போதும். பல இழை வயருக்கு ஃபெரூல் (முனையில் நசுக்கிப் பொருத்தும் சிறு உலோகக் குழல்) மாட்டுங்கள். முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் வைப்பது பலருக்குப் பழக்கம். பார்க்க நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல வழிந்துகொடுக்கும். சில மாதத்தில் இணைப்பு தளர்ந்து, அளவு அவ்வப்போது குதிக்கும். முடுக்கியபின் ஒவ்வொரு வயரையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

படி 6: ரேஞ்ச் அமைப்பு

16 பிட் என்றால் 65,536 படிகள். ±10 வோல்ட் ரேஞ்சில், அதாவது 20 வோல்ட் அகலத்தில், ஒரு படி 305 மைக்ரோவோல்ட். கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். இந்த ரேஞ்சில் அளந்தால் ஒவ்வொரு படியும் 7.4 டிகிரி, வெப்பநிலை வரைபடம் மாடிப்படி மாதிரி வரும். ரேஞ்சை ±100 மில்லிவோல்ட்டுக்கு மாற்றினால் ஒரு படி 3 மைக்ரோவோல்ட் சொச்சம், அதாவது 0.07 டிகிரி. வயர் அதே, கார்டும் அதே. சாஃப்ட்வேரில் ஒரு வரி மட்டும் மாறியிருக்கிறது.

சிக்னலின் உச்சத்தைவிடக் கொஞ்சம் அதிகமான ரேஞ்ச்தான் சரி. 0 முதல் 5 வோல்ட் வரும் சென்சாருக்கு ±5 வோல்ட் வைத்தால் உச்சியில் சிறிய மிகை வந்தாலும் வெட்டுப்பட்டுவிடும்.

படி 7: சென்சாருக்கேற்ற இணைப்பு

தெர்மோகப்பிள்: நுனியிலிருந்து கார்டின் டெர்மினல் வரை அதே வகை வயரோ அதற்கான எக்ஸ்டென்ஷன் வயரோதான் போக வேண்டும். நடுவில் செம்பு வயர் ஒட்டுப்போட்டால், ஒட்டின் வெப்பநிலைக்கும் டெர்மினலின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே பிழையாகும். நிறத்திலும் கவனம் தேவை. அமெரிக்க முறையில் கே வகையின் பிளஸ் மஞ்சள், மைனஸ் சிவப்பு. சர்வதேச ஐஇசி முறையில் பிளஸ் பச்சை, மைனஸ் வெள்ளை. சிவப்பைப் பார்த்ததும் பிளஸ் என்று கை தானாகப் போகும். இங்கே அது தவறு. மாற்றி இணைத்தால் சூடாக்கும்போது அளவு இறங்கும், அதனால் உடனே தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் வயரை இரண்டு முனையிலும் மாற்றி இணைத்திருந்தால்தான் ஆபத்து: அளவு சரியான திசையிலேயே ஏறும், ஆனால் இரண்டு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தைப்போல இரண்டு மடங்கு பிழையோடு. டெர்மினலின் வெப்பநிலையை ஈடுசெய்யும் கோல்டு ஜங்ஷன் அமைப்பையும் இயக்க மறக்க வேண்டாம். டெர்மினல் 30 டிகிரியில் இருந்து, ஈடு செய்யாவிட்டால் எல்லா அளவும் ஏறக்குறைய 30 டிகிரி குறைவாக வரும். டெர்மினல் பெட்டிமேல் ஃபேன் காற்று படாமல் மூடி வையுங்கள்.

பிடி100 (பிளாட்டினம் வெப்பநிலை சென்சார்): 0 டிகிரியில் 100 ஓம், பிறகு டிகிரிக்கு 0.385 ஓம் ஏறும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டர் தள்ளி வைத்தால், போகவர 40 மீட்டர், சுமார் 1.4 ஓம். இரண்டு வயர் முறையில் இது மட்டுமே 3.6 டிகிரி பிழை. மூன்று வயர் இந்தப் பிழையைப் பெருமளவு நீக்கும், ஆனால் மூன்றும் ஒரே தடிமன், ஒரே நீளமாக இருக்க வேண்டும். நான்கு வயர் முழுமையாக நீக்கும். ஊட்டும் மின்சாரம் 1 மில்லிஆம்பியருக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் சென்சார் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும்.

லோட் செல் (எடை அளக்கும் சென்சார், உள்ளே நான்கு கைகள் கொண்ட ரெசிஸ்டர் பிரிட்ஜ்): விவரத்தாளில் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்றிருந்தால், 10 வோல்ட் ஊட்டும்போது முழுச் சுமைக்கு வருவது 20 மில்லிவோல்ட் மட்டும். இரண்டு சிக்னல் வயரும் ஏறக்குறைய 5 வோல்ட் உயரத்தில் நின்றுகொண்டு இந்தச் சிறு வித்தியாசத்தைத் தருகின்றன. எனவே டிஃபரன்ஷியலைத் தவிர வேறு வழியில்லை. மைனஸ் சிக்னலைக் கிரவுண்டில் இணைத்தால் பிரிட்ஜின் ஒரு கையே ஷார்ட் ஆகிவிடும். 350 ஓம் பிரிட்ஜுக்கு 10 வோல்ட் ஊட்ட 28.6 மில்லிஆம்பியர் தேவை. கார்டின் அனலாக் அவுட்புட் பின்கள் பொதுவாகச் சில மில்லிஆம்பியர்தான் தரும், ஆகவே தனி சப்ளை வையுங்கள். சப்ளையின் மைனஸைக் கார்டின் அனலாக் கிரவுண்டோடு ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் முழு பிரிட்ஜும் மிதக்கும். சப்ளையின் மைனஸ் ஏற்கெனவே எர்த்தில் நின்றால் இந்தச் சேர்க்கை வேண்டாம்.

4 முதல் 20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டர்: இது அளவை மின்சாரமாக அனுப்பும். கார்டு அளப்பது வோல்டேஜ், ஆகவே லூப்பில் 250 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டருக்கு வரிசை இப்படி: 24 வோல்ட் சப்ளையின் பிளஸிலிருந்து டிரான்ஸ்மிட்டரின் பிளஸ், டிரான்ஸ்மிட்டரின் மைனஸிலிருந்து ரெசிஸ்டரின் ஒரு முனை, கார்டின் பிளஸ் இன்புட்டும் அங்கேயே, ரெசிஸ்டரின் மறுமுனை சப்ளையின் மைனஸுக்கு, கார்டின் மைனஸ் இன்புட்டும் அங்கேயே. சப்ளை மிதந்தால் அதன் மைனஸிலிருந்து அனலாக் கிரவுண்டுக்கு ஒரு வயர். ரெசிஸ்டரைப் பிளஸ் பக்கம் போட்டால் இரண்டு இன்புட்டும் 24 வோல்ட்டுக்கு அருகே போய்விடும், அளவே வராது.

0.1 சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டரை வாங்குங்கள். 20 மில்லிஆம்பியரில் அது செலவழிப்பது 0.1 வாட்தான். ஆனால் களத்தில் யாராவது டிரான்ஸ்மிட்டரை ஷார்ட் செய்தால் 96 மில்லிஆம்பியர் பாயும், 2.3 வாட் விழும், கார்டின் இன்புட்டில் முழு 24 வோல்ட் நிற்கும். 50 மில்லிஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அந்தச் செலவை மிச்சப்படுத்தும். 4 மில்லிஆம்பியரில் தொடங்குவதிலும் ஒரு வசதி இருக்கிறது: திரையில் 1 வோல்ட்டுக்குப் பதில் 0 வந்தால் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள்.

ஐஇபிஇ வகை (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் கொண்ட) அதிர்வு சென்சாருக்குச் சாதாரண இன்புட் போதாது. சுமார் 4 மில்லிஆம்பியர் நிலையான மின்சாரம் தரும் மாட்யூல் வேண்டும். சென்சாரின் இரண்டு முனைக்கு நடுவே 8 முதல் 12 வோல்ட் வரை டிசி இருந்தால் எல்லாம் சரி. 24க்கு அருகே இருந்தால் கேபிள் திறந்திருக்கிறது, 0 என்றால் ஷார்ட்.

படி 8: வரம்பை மீறும் வோல்டேஜ்

0 முதல் 100 வோல்ட் டிசியை 10 வோல்ட்டாக்க 90 கிலோஓமும் 10 கிலோஓமும் கொண்ட டிவைடர் (வோல்டேஜைப் பங்கிடும் ரெசிஸ்டர் ஜோடி) போதும். கார்டின் இன்புட் இம்பீடன்ஸைக் கணக்கில் சேர்த்தீர்களா என்பதுதான் கேள்வி. அது 1 மெகாஓம் என்றால் 10 கிலோஓம் உண்மையில் 9.9 கிலோஓம் ஆகிவிடும். எல்லா அளவும் 0.9 சதவீதம் குறைவாக வரும். மலிவான யூஎஸ்பி கார்டுகள் சிலவற்றில் இன்புட் இம்பீடன்ஸ் இதைவிடவும் குறைவு. எனவே டிவைடரைக் கணக்கிட்டதோடு விடாமல், தெரிந்த ஒரு வோல்டேஜைக் கொடுத்துக் காலிபரேட் செய்யுங்கள்.

டிவைடர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர, உங்களையும் கம்ப்யூட்டரையும் பிரிக்காது. கீழ் ரெசிஸ்டர் திறந்துபோனால் முழு வோல்டேஜும் கார்டுக்கு வரும். 30 வோல்ட் ஏசி, 60 வோல்ட் டிசி ஆகியவற்றுக்கு மேல் உள்ள எதையும் உயிருக்கு ஆபத்தானதாகவே நடத்த வேண்டும். சுவர் பிளக்கின் மின்சாரத்தை டிவைடர் வழியாகக் கார்டில் இணைக்கவே கூடாது. அதற்கென்று தரமதிப்பு உள்ள ஐசொலேட்டட் வோல்டேஜ் டிரான்ஸ்டியூசர்தான் வேண்டும். மின்சாரத்தை அளக்க கரண்ட் டிரான்ஸ்பார்மர் வைத்தால், 1000க்கு 1 விகிதத்தில் 10 ஆம்பியர் 10 மில்லிஆம்பியராகும். குறுக்கே 100 ஓம் போட்டால் 1 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சம் 1.41 வோல்ட், ரேஞ்சை உச்சத்துக்கேற்ப வையுங்கள். அந்த 100 ஓமை, முதன்மை வயரில் மின்சாரம் ஓடும்போது கழற்றக் கூடாது. திறந்த இரண்டாம் சுற்றில் ஆபத்தான வோல்டேஜ் எழும்.

படி 9: ஸ்கேன் வேகமும் பேய்ச் சேனலும்

எதையுமே இணைக்காத சேனலில் பக்கத்துச் சேனலின் அலை அச்சு அசலாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. பெரும்பாலான கார்டுகளில் வோல்டேஜை எண்ணாக்கும் ஏடிசி ஒன்றுதான் இருக்கும். மல்டிபிளெக்சர் என்ற ஸ்விட்ச் ஒவ்வொரு சேனலாக அதனிடம் கொண்டுபோகும். முந்தைய சேனலின் மின்னேற்றம் உள்ளே கொஞ்சம் மிஞ்சியிருக்கும்; அதை வடித்து, புதிய மதிப்புக்குக் கொண்டுவரும் வேலை சோர்ஸினுடையது. இணைப்பே இல்லாத சேனலில் அதைச் செய்ய யாரும் இல்லை, பழைய மதிப்பே திரும்பத் தெரிகிறது.

இணைத்த சேனலிலும் இது நடக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரை நடுவில் வைத்தால் சோர்ஸ் இம்பீடன்ஸ் 25 கிலோஓம். வேகமான ஸ்கேனில் அது முந்தைய சேனலின் பக்கம் சற்றே சாய்ந்த அளவைத் தரும். 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் என்றால் 250 ஓம்தான், தொல்லை இல்லை. சோர்ஸ் இம்பீடன்ஸ் 1 கிலோஓமுக்குள் இருக்கும்படி பாருங்கள். முடியாவிட்டால் ஆப்-ஆம்ப் பஃபர் (நடுவே வைக்கும், வெளியீட்டு இம்பீடன்ஸ் குறைந்த ஆம்ப்ளிஃபயர்) போடுங்கள், அல்லது சேனல்களுக்கு இடையிலான தாமதத்தைக் கூட்டுங்கள். பெரிய சிக்னலுக்கு அடுத்தே மிகச் சிறிய சிக்னலை வைக்காமல் வரிசையை மாற்றுவதும் உதவும். பயன்படுத்தாத சேனல்களை ஸ்கேன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது கிரவுண்டில் ஷார்ட் செய்யுங்கள்.

பெட்டியில் வினாடிக்கு 2,50,000 சாம்பிள் என்று போட்டிருந்தால், அது எல்லாச் சேனலுக்கும் சேர்த்துத்தான். 16 சேனலுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 15,625.

சாம்பிள் வேகம் குறைவாக இருந்தால் இன்னொரு மாயம் நடக்கும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வினாடிக்கு 49 சாம்பிளில் எடுத்தால், அது 1 ஹெர்ட்ஸ் அலையாகத் தெரியும். சரியாக 50 சாம்பிளில் எடுத்தால் நிலையான வோல்டேஜாகவே தெரியும். அளவில் கலந்தபின் இதைப் பிரிக்க எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. கார்டுக்கு முன்னால் 1 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரடும் கொண்ட ஃபில்டர் வைத்தால் 159 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை குறையத் தொடங்கும். மெதுவான சிக்னலுக்கு எளிய வழி, வினாடிக்கு 1000 சாம்பிள் எடுத்து நூறு நூறாகச் சராசரி பார்ப்பது. 100 மில்லிவினாடியில் 50 ஹெர்ட்ஸுக்கு 5 சுற்றும் 60 ஹெர்ட்ஸுக்கு 6 சுற்றும் முழுதாக அடங்குவதால் இரண்டு இரைச்சலும் கழிந்துவிடும்.

டிஜிட்டல் இன்புட்டுக்குச் சில வரிகள்

5 வோல்ட் டிடிஎல் இன்புட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழ் 0, 2.0 வோல்ட்டுக்கு மேல் 1. இடைப்பட்டது எதுவாகவும் வாசிக்கப்படலாம். என்பிஎன் ஓப்பன் கலெக்டர் (வயரைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே தெரிந்த) சென்சாருக்கு 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் போடுங்கள். போடாவிட்டால் எண்ணிக்கை தறிகெட்டு ஓடும். 24 வோல்ட் சென்சாரை ஆப்டோகப்ளர் (ஒளி மூலம் சிக்னலைக் கடத்தும் பாகம்) வழியாகக் கொண்டுவருவதே நல்லது. அவசரத்துக்கு 4.7 கிலோஓம், 1 கிலோஓம் டிவைடர் 4.2 வோல்ட் தரும்; சப்ளை 28க்கு ஏறினாலும் 5ஐத் தாண்டாது. ஸ்விட்ச், ரிலே ஆகியவற்றின் தொடர்பு சில மில்லிவினாடி துள்ளும், அதனால் ஒரு அழுத்தம் ஐந்தாக எண்ணப்படலாம். கார்டில் டிஜிட்டல் ஃபில்டர் இருந்தால் அதை இயக்குங்கள்.

படி 10: சரிபார்ப்பு

சென்சாரை இணைக்கும் முன் ஒவ்வொரு சேனலையும் இந்த வரிசையில் சோதிக்கவும். முதலில் பிளஸையும் மைனஸையும் கார்டின் டெர்மினலிலேயே ஷார்ட் செய்து, இரண்டையும் கிரவுண்டோடு சேருங்கள். 0 வோல்ட்டில் சில படிகள் மட்டுமே ஆட வேண்டும். இங்கேயே ஆட்டம் அதிகம் என்றால் தவறு கார்டிலோ அதன் சப்ளையிலோ இருக்கிறது. அடுத்து அதே ஷார்ட்டை வயரின் மறுமுனையில், சென்சார் இருக்கும் இடத்தில் செய்யுங்கள். இப்போது கூடுதலாக வரும் இரைச்சல் முழுவதும் வயரும் அதன் பாதையும் தருவது. மூன்றாவதாக அங்கே ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை வைத்து மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். பேட்டரி மிதப்பதால் பயஸ் ரெசிஸ்டரும் கூடவே சோதிக்கப்படுகிறது. கடைசியில்தான் சென்சார்.

எல்லாம் சரியாக இருந்து சென்சார் வந்ததும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலை தோன்றினால் படி 2க்குத் திரும்பி எர்த்தைச் சோதியுங்கள். மெல்ல நகர்ந்து உச்சியில் ஒட்டினால் பயஸ் ரெசிஸ்டர் இல்லை. எப்போதும் ஒரே சதவீதம் குறைந்தால் இம்பீடன்ஸ் சிக்னலைத் தின்கிறது. எப்போதும் ஒரே அளவு தள்ளியிருந்தால் கிரவுண்டு லூப், அல்லது தெர்மோகப்பிள் என்றால் கோல்டு ஜங்ஷன். மோட்டார் ஓடும்போது மட்டும் குதித்தால் ஷீல்டையும் வயர் போகும் பாதையையும் பாருங்கள். எதிலும் அடங்காவிட்டால் சந்தேகச் சேனலின் ஜோடி வயரையும் ஒரே ரேஞ்சில் உள்ள நல்ல சேனலின் ஜோடி வயரையும் கார்டில் இடம் மாற்றுங்கள். தவறு வயரோடு சேர்ந்து நகர்ந்தால் களத்துக்குப் போய்ப் பாருங்கள்; அதே சேனலில் நின்றால் அந்தச் சேனலின் முறை, ரேஞ்ச், ஜோடி எண் மூன்றையும் சாஃப்ட்வேரில் மறுபடி பாருங்கள். அதிக வோல்டேஜில் அடிபட்ட சேனல் என்றால் ஷார்ட் செய்தாலும் 0க்கு வராமல் ஏதோ ஒரு மதிப்பில் நிற்கும். அதன் ஸ்க்ரூக்கள்மேல் சிவப்பு டேப் ஒட்டி, சிக்னலை வேறு சேனலுக்கு மாற்றுங்கள்.